பயன்கொள்வோரும் படைப்போரும்

எரிக் ரேமண்டின் "பேராலயமும் சந்தையும்" என்னும் நூலை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

ஒரு சமூகத்தின் அறிவு வளர்ச்சியை அளக்கப் புகுவோர், அச்சமூகத்தார் எத்தனை நவீன சாதனங்களைக் கையாளுகின்றனர் என்று எண்ணுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். கையாளும் சாதனங்களுள் எத்தனையை அவர்கள் பிரித்துப் பார்க்கவும், பழுது நீக்கவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும் வல்லவர் என்று கேட்போர் அரியர். கிள்ளானிலும், பிரிக்பீல்ட்ஸிலும், அவற்றைச் சூழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இன்று கைப்பேசியில்லாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பதரிது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் லயங்களை விட்டு நகர் புகுந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பாட்டனார் கண்டறியாத யந்திரங்களை விரல் நுனியால் இயக்குகின்றனர். எனினும் அவ்யந்திரத்தினுள்ளே ஓடும் கட்டளைகளை எழுதியவர் யார், அவற்றைத் திருத்தும் உரிமை யாருக்குண்டு என்னும் வினா நம்மிடையே எழக் காணோம். மரமும் துரையுடையது, உளியும் துரையுடையது, மங்கில் வடிந்த பாலும் துரையுடையது என்றிருந்த காலத்து மனப்பான்மை நம்மை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை போலும்.

இவ்வினாவை எழுப்புவதற்கு வாய்ப்பான நூலொன்று உண்டு. அமெரிக்கரான எரிக் ரேமண்ட் என்பார் 1997-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் கூடிய லினக்ஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார். "பேராலயமும் சந்தையும்" என்று நாம் தமிழில் பெயரிடத்தக்க அக்கட்டுரை, 1999-இல் அதே பெயருடைய நூலில் இடம்பெற்று வெளிவந்தது. மென்பொருள் செய்வோர் உலகில் இஃது அடைந்த செல்வாக்கு பெரிது. ஆயினும் இதனைத் தொழிற்கலை நூலாக மட்டும் கருதி ஒதுக்குதல் தகாது. வாசிப்பவன் எழுதுவோனாவது எங்ஙனம், கொள்பவன் கொடுப்போனாவது எங்ஙனம் என்னும் வினா இலக்கியத்திற்கும் உரியதாதலின், இப்பகுதியில் இதனை எடுத்து ஆராய்தல் பொருத்தமேயாகும்.

நூலின் பொருள்

நூலுக்குள் புகுமுன், பழக்கமில்லாத நேயர்களுக்காக ஒரு விளக்கம் வேண்டும். மென்பொருள் என்பது யந்திரத்திற்கு இடும் கட்டளைகளின் தொகுதி. மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய வடிவில் முதலில் அமைவது மூலநிரல். அதனையே யந்திரம் மட்டும் விளங்கிக்கொள்ளும் வடிவாக மாற்றிக் கடையில் விற்கின்றனர். மூலநிரலை மறைத்து மற்றதை மட்டும் விற்பது, தையலைப் பிரிக்கலாகாது என்னும் நிபந்தனையோடு சட்டை விற்பதற்கு ஒப்பாகும். இறுக்கமாயிருந்தால் இறுக்கமாகவே அணிய வேண்டும். கிழிந்தால் விற்றவனிடமே செல்ல வேண்டும். அவன் கடையை மூடிவிட்டாலோ வேறு வழியில்லை.

இம்முறை அறமாகாதெனக் கண்ட ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் 1983-இல் ஓர் இயக்கத்தை அறிவித்தார். மென்பொருளை எக்காரியத்திற்கும் இயக்குதல், அதன் மூலத்தைப் படித்து மாற்றுதல், பிறருக்குப் படியெடுத்து வழங்குதல், மாற்றியதையும் வெளியிடுதல் ஆகிய நான்கு உரிமைகளும் பயன்கொள்வோன் ஒவ்வொருவனுக்கும் உண்டு என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய லினக்ஸ் என்னும் கருவை யாவரும் காண வெளியிட்டார். முன்பின் பாராதவர் பல நாடுகளிலிருந்தும் அதில் பிழை கண்டனர், திருத்தம் அனுப்பினர், புதியன சேர்த்தனர். ஊதியமும் மேலதிகாரியும் இல்லாமலே இத்துணைப் பெரிய கட்டடம் எழும்பியதன் காரணம் யாது என்பதே ரேமண்ட் ஆராயும் பொருள்.

அவர் இருவகை முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார். தேர்ந்த சிலர் கதவடைத்துக்கொண்டு கட்டி, முற்றுப்பெற்ற பின்னரே பிறர் பார்வைக்கு விடுவது பேராலய முறை. அரைகுறையாயினும் விரைந்து வெளியிட்டு, வருவோர் போவோரின் குறையையும் யோசனையையும் ஏற்று வளர்வது சந்தை முறை. இதனைத் தாமே சோதித்துப் பார்க்க விரும்பி, வேறொருவர் எழுதி நடத்திவந்த அஞ்சல் வாங்கும் சிறு மென்பொருளொன்றை ரேமண்ட் ஏற்றுக்கொண்டார். பெட்ச்மெயில் என்று அதற்குப் புதுப்பெயர் இட்டார். பயன்படுத்துவோரையே கூட்டு ஆசிரியர்களாகக் கொண்டு அதனை வளர்த்தார். பயனர் பலர் கண் வைத்துப் பார்ப்பார்களாயின் எப்பிழையும் எளிதில் அகப்படும் என்பதும், ஒருவருக்கு ஒரு பணியில் ஆர்வம் குன்றினால் தகுதியுள்ள வாரிசிடம் அதனை ஒப்படைப்பதே அவருடைய கடைசிக் கடமை என்பதும் அவர் கண்ட முடிவுகளுள் தலையாயவை. 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை உலகுக்குத் திறந்துவிட முடிவு செய்ததற்கு இக்கட்டுரையும் ஒரு தூண்டுதலாயிற்று.

இங்கே நேயர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ரேமண்ட் பேராலயம் என்று குறிப்பிடுவது இலாபத்திற்கு விற்கும் கம்பெனிகளை மட்டுமன்று. ஸ்டால்மனுடைய இயக்கத்திலேயே பிறந்த, நான்கு உரிமைகளும் குறைவற வழங்கப்பெற்ற மென்பொருள்களையும் அவர் பேராலய முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். சட்டத்தால் திறந்திருந்தும் பழக்கத்தால் மூடிக் கிடப்பது இயலும் என்பது இதன் கருத்து. கோயிற் கதவு யாவருக்கும் திறந்ததெனச் சட்டம் செய்த பின்னரும், உள்ளே நுழைபவனை முறைத்துப் பார்க்கும் கண்கள் ஒழிவதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதை அறிந்த நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். நூலின் சிறந்த பகுதி இதுவே என்பது நமது துணிபு.

ஆசிரியர் சொல்லாது விட்டது

ஆயின் நூலில் ஒரு பெருங்குறை உளது. ரேமண்டின் சந்தைக்கு வந்தவர் யார்? பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்கள். அன்றைய லினக்ஸைப் பயன்படுத்தியவருள் பலர் அத்தொழிலாளரேயென்பதை ஆசிரியரும் மறைக்கவில்லை. பயனரைக் கூட்டாளியாகக் கொள்க என்று அத்தகையோரிடையே சொல்வது, நீந்தத் தெரிந்தவனை ஆற்றுக்கு அழைப்பது போன்றதாகும். நீந்தத் தெரியாதவன் கரையில் நிற்கிறானே, அவனுக்குக் கற்பிப்பவர் யார் என்னும் வினாவுக்கு நூலில் விடை இல்லை.

பல கண்கள் என்னும் கொள்கையும் சோதனைக்கு உள்ளாயிற்று. இணையத்தில் அனுப்பும் செய்திகளை மறைபொருளாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மென்பொருளில், 2012-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த பதிப்பில் ஒரு பெரும்பிழை நுழைந்தது. 2014 ஏப்ரலில்தான் அது வெளிப்பட்டது. "இதயக் கசிவு" எனப் பொருள்படும் பெயரால் உலகெங்கும் பேசப்பட்ட அப்பிழை ஈராண்டுக் காலம் ஒளிந்திருந்தது எவ்வாறு? அம்மென்பொருளை நம்பியிருந்த நிலையங்கள் எண்ணிலடங்கா. அதன் மூலநிரலை இடைவிடாது பேணியவரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கண்கள் கோடி இருந்தும் படிக்கும் கண்கள் சிலவே இருந்தன. பயனர் தொகை பெருகுவதால் மட்டும் காவல் பெருகாது. பயனர் படைப்போராக மாறும் விகிதம் பெருக வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

மேலும், புகழாசையும் தன் சொந்தத் தேவையுமே மனிதரை இப்பணிக்குத் தூண்டுகின்றன என்று ரேமண்ட் கருதுகிறார். ஆங்கிலம் தாய்மொழியாய் அமைந்து, யந்திரமும் ஓய்வு நேரமும் வாய்த்தவருக்கு இது போதிய காரணமாயிருக்கலாம். இரு வேலை பார்த்துக் குடும்பம் காக்கும் கிள்ளான் தொழிற்சாலைத் தமிழனுக்கும், இரவு நேர வேலை முடித்து வரும் தமிழ்ப் பெண்ணுக்கும் இதற்கு மேற்பட்ட காரணமும், கைகொடுத்துத் தூக்கும் ஏற்பாடும் தேவை. சந்தையும் யாவருக்கும் சமமான இடமன்று. கடை விரிக்க இடம் பிடித்தவன், கூவத் தெரிந்தவன், மொழி தெரிந்தவன் ஆகியோர்க்கே அதில் முதலிடம்.

கதை வகுப்பு காட்டிய வழி

ரேமண்ட் விட்ட இடத்தை நிரப்புதற்கு நாம் கடல் கடந்து தேட வேண்டுவதில்லை; கோலாலம்பூரிலேயே ஒரு சான்று உண்டு. 1924-இல் தோன்றி 2019-இல் மறைந்த "தமிழ் நேசன்" இதழில், 1950-ஐ ஒட்டிய காலத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு ஒன்றை நடத்தினர். அதுகாறும் மலாயாத் தமிழர் பெரும்பாலும் வாசகராகவே இருந்தனர். கதை என்றால் தமிழகத்திலிருந்து கப்பலில் வருவது என்னும் எண்ணமே நிலவிற்று. பத்திரிகை வாயிலாகப் பாடம் சொல்லி, பயிற்சி கொடுத்து, வாசகர் எழுதி அனுப்பியதை மதிப்பிட்டுத் திருப்பிய அவ்வகுப்பினால், தோட்டத்திலும் பட்டணத்திலும் இருந்த வாசகர் பலர் எழுத்தாளராயினர். பின்னர் 1950-களில் சிங்கப்பூர்த் "தமிழ் முரசு" மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியால் இளைஞர்களிடையே அவ்வாறே செய்தது. இந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் விட்டு மேற்செல்ல முடிவதில்லை.

இவ்வகுப்பின் வெற்றிக்குக் காரணமாயிருந்தவற்றைப் பகுத்துப் பார்த்தல் நலம். முதலாவது, கற்பித்தவர் தாமே எழுதத் தெரிந்தவர். இரண்டாவது, "எழுதுங்கள்" என்னும் பொது உபதேசத்தோடு நில்லாது, செய்யக்கூடிய அளவில் சிறு பயிற்சி கொடுத்தனர். மூன்றாவது, அனுப்பியதற்கு மறுமொழி கிடைத்தது. குறை சொல்லப்பட்டாலும் மௌனம் காக்கப்படவில்லை. நான்காவது, தேறியவரின் பெயர் அச்சேறியது. திறந்த மென்பொருளுக்குப் புதியவரை அழைக்கும் எக்குழுவும் இந்நான்கையும் கைக்கொள்ளுதல் வேண்டும். ஒரு புதியவன் அஞ்சியஞ்சி அனுப்பிய முதல் திருத்தத்திற்குத் திங்கட்கணக்கில் மறுமொழி வாராவிடின், அல்லது "இதுகூடத் தெரியாதா" என்னும் ஏளனம் வருமாயின், இரண்டாவது திருத்தம் ஒருநாளும் வாராது. ஊக்கம் என்பது மேடைப் பேச்சன்று. காலத்தில் எழுதும் மறுமொழியே ஊக்கமாகும்.

கட்டளைச் சொல்லும் மரியாதையும்

இனி, இலக்கியம் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்பாருக்கு விடை கூறுவோம். பயர்பாக்ஸ் என்னும் உலாவியும், லிபர் ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுதியும், லினக்ஸின் முகப்புகளான கேடீஈ, நோம் என்பவைகளும் தொண்டர்களின் உழைப்பால் தமிழ் முகம் பெற்றுள்ளன. இவை போற்றத்தக்க பணிகளே. எனினும் இவற்றின் தமிழை ஓர் இலக்கியமாகக் கொண்டு எவரும் விமரிசனம் செய்யக் காணோம்.

"திற", "சேமி", "அழி" என்னும் ஏவற்சொற்களை எடுத்துக்கொள்வோம். இவை யந்திரத்தை நோக்கி மனிதன் இடும் கட்டளைகள். ஆதலின் ஒருமை ஏவலே தகும். ஆனால் "கடவுச்சொல்லைக் கொடு" என்று யந்திரம் மனிதனை நோக்கிச் சொல்லுமாயின், அது பெரட்டுக்களத்துக் கங்காணியின் குரலாகிவிடும். அங்கே "கொடுங்கள்" என்றோ "தருக" என்றோ அமைதல் வேண்டும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதை ஆங்கிலச் சொல் காட்டாது. தமிழ் காட்டியே தீரும். மொழிபெயர்ப்பவர் இதனை உணராவிடின் எசமானும் ஏவலாளும் இடம் மாறிவிடுவர். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதனைத் துணையாகக் கொண்டு வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு மரியாதையையும் கோரிக்கையாக வைத்தனர். சைக்கிளில் செல்லும் தொழிலாளி அதிகாரியை எதிரில் கண்டதும் இறங்கி நிற்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அத்தகையோரின் வழித்தோன்றல்களுக்கு, தினந்தோறும் நூறு முறை கண்முன் தோன்றும் சொல்லின் மரியாதை அற்பக் காரியமாகத் தோன்றலாகாது.

சொல்லைத் திருத்துவதோடு காரியம் முடிந்ததா? இல்லை, சில பிழைகள் சொல்லில் இருப்பதில்லை, மூலநிரலின் அமைப்பில் இருக்கின்றன. பத்துப் பக்கங்களில் மூன்றாவது என்று நாம் சொல்வதை ஆங்கிலம் மூன்று முதலாகவும் பத்து ஈறாகவும் வைத்துச் சொல்லும். நிரல் எழுதியவர் அவ்வெண்களை ஆங்கில வரிசையிலேயே துண்டு துண்டாகக் கோத்திருப்பாராயின், துண்டுகளை எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் தமிழ் வாக்கியம் தலைகீழாகவே நிற்கும். பெயரோடு வேற்றுமை உருபு சேருமிடத்தும் இதுவே கதி. "ராமுவை நீக்கவா?" என்று கேட்க வேண்டிய யந்திரம் "ராமு ஐ நீக்கவா?" என்று கேட்கிறது. உடம்படுமெய் அறியாத பிழை இது. மொழிபெயர்ப்பாளர் இதனை நீக்க இயலாது. மூலநிரலைத் திறக்க வல்லவரே நீக்க இயலும்.

அகர வரிசை இன்னும் தெளிவான சான்று. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழெழுத்துகளுக்குக் கொடுத்த எண்கள், இந்திய மொழிகளனைத்திற்கும் பொதுவாக வகுத்த பழைய இந்தியக் குறியீட்டு முறையைத் தழுவியவை. அவ்வெண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன; புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னே தள்ளப்பட்டுள்ளது. அவ்வெண்களை மட்டும் கொண்டு சொற்களை அடுக்கினால், "கபிலன்" முன்னும் "கனி" பின்னும் வருதற்கு மாறாகக் கனி முந்திக்கொள்ளும். "பக்கம்" என்பதற்கு முன் "பகல்" வந்து நிற்கும். இதனைச் செம்மைப்படுத்தும் வரிசை விதிகள் பின்னர் வகுக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. எனினும் நிரல் எழுதுவோர் அவற்றைக் கையாளாத இடங்களில் பிழை தொடர்ந்தே வரும். தமிழ்ப்பள்ளியொன்றின் பெயர்ப் பட்டியல் தவறாக அடுக்கப்பட்டிருப்பதை அமெரிக்கத் தொழிலாளர் எவ்வாறு அறிவார்? அறிய வல்லவர் அப்பள்ளி ஆசிரியரே. அவர் அறிந்தும் வாளாவிருப்பாராயின் அப்பிழை நிலைத்துவிடும். குறியீட்டைத் தீர்மானித்த நாட்களில் தமிழர் போதிய அளவு அவையில் இல்லாததால் நேர்ந்த இடர்களைப் பற்றி நம் அறிஞர் பின்னாளில் எவ்வளவோ முறையிட்டனர். அவையிலிருந்து திருத்துவது எளிது. வெளியிலிருந்து முறையிடுவது அரிது.

எழுத்துச் சீர்திருத்த வரலாறும் இதற்குச் சான்று பகரும். ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய வளைவுகளை மாற்ற வேண்டுமெனக் கருதிய பெரியார் ஈ.வெ.ரா., பண்டிதர்களின் உத்தரவை எதிர்பார்த்திருக்கவில்லை. 1935-இல் தம் "குடி அரசு" இதழிலேயே அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது 1978-இல். இடைப்பட்ட நாற்பத்து மூன்று ஆண்டுகளும் அவ்வெழுத்து உயிரோடிருந்ததற்குக் காரணம், அச்சுக்கூடம் அவர் கையில் இருந்ததேயாகும். மூலநிரல் நம் காலத்து அச்சுக்கூடம் என்க.

பொன்னாடைப் பழக்கம்

தமிழர் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் கூறுகிறோமல்லோம். 1985-இல் முத்து நெடுமாறன் மலேசியாவில் உருவாக்கிய "முரசு அஞ்சல்", கணினியில் தமிழ் எழுதும் வாய்ப்பைப் பலருக்கு அளித்தது. 2005-ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பெற்ற "செல்லினம்" கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டு வந்தது. இவை மூலநிரல் திறந்த பொருள்களல்ல. அதனால் அவற்றின் பெருமை குன்றவில்லை. உலகத் தமிழ் இணைய மாநாடு 2001-இலும், மறுபடியும் 2013-இலும் கோலாலம்பூரில் கூடிற்று. பொதுவுடைமை முறையிலும் பணிகள் நடந்துள்ளன. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று கலியாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழை பார்த்தும் உதவியோர் வாசகர்களே. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் அத்தகையதே. "எ-கலப்பை" என்று பெயரிட்டுத் தமிழ்த் தொண்டர் இலவசமாக வழங்கிய தட்டெழுத்துக் கருவியின் பெயரே நம்மை உழவுக்கு அழைக்கிறது.

குறை வேறிடத்தில் உளது. ஒருவர் ஓர் அரிய கருவியைச் செய்து தருவாராயின், நாம் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். "தந்தை" என்றும் "வேந்தர்" என்றும் பட்டம் சூட்டுகிறோம். பின்னர் அவர் ஆயுள் முழுவதும் நமக்கு உழைத்துக்கொண்டேயிருக்க வேண்டுமென எதிர்பார்க்கிறோம். அவருடன் அமர்ந்து அவர் பணியில் நூற்றிலொரு பங்கையேனும் கற்றுக்கொண்டு தாங்குவோம் என்பார் இலர். தனி மனிதரைத் தெய்வமாக்கும் மூடப்பழக்கம் கோயிலை விட்டுக் கணினிக்கும் வந்துவிட்டது. வாரிசிடம் ஒப்படைப்பதே கடைசிக் கடமை என்று ரேமண்ட் சொன்னார். ஒப்படைக்க வாரிசு இல்லாத சமூகத்தில் அக்கடமையை நிறைவேற்றுவது எவ்வாறு?

ஆட்சேபங்கள்

"உண்பவரெல்லாம் சமைக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்பர். வேண்டியதில்லை. ஆயிரவருள் பத்துப் பேர் அடுப்படிக்கு வந்தால் போதும். ஆனால் அப்பத்துப் பேர் இன்ன குலத்தார், இன்ன பட்டம் பெற்றோர், இன்ன மொழியினர் என்று முன்கூட்டித் தீர்மானிக்கலாகாது. கதவு ஆயிரவருக்கும் திறந்திருந்தாலன்றி அப்பத்துப் பேரைக் கண்டெடுக்க இயலாது.

"நம்மவருக்கு ஆங்கிலமும் கணிதமும் போதா" என்பது இரண்டாவது ஆட்சேபம். நிரல் எழுதுவது மட்டுமே படைப்பு என்னும் தவறான எண்ணத்தில் எழுந்தது இது. பிழையைத் தெளிவாக எடுத்தெழுதுவதும் படைப்பே. விளக்கக் குறிப்பு எழுதுவதும், கலைச்சொல் ஆய்வதும் படைப்பே. கணினி என்று ஒருவரும், கணிப்பொறி என்று மற்றொருவரும், கணனி என்று இலங்கையரும் எழுதும் நிலையில், சொல்லாராய்ச்சிக்கு வேலை ஏராளம். இப்படிகளில் ஏறியவருள் சிலர் நிரலையும் தொட்டே தீருவர். "ராமு ஐ" என்பதைக் கண்டு மனம் பொறாதவன் என்றேனும் ஒரு நாள் மூலநிரலைத் திறந்து பார்ப்பான்.

"பெண்களுக்கு இது ஏற்றதா?" என்பார்க்கு நெடிய விடை வேண்டுவதில்லை. 1946-இல் அமெரிக்காவில் வெளிப்படுத்தப்பெற்ற எனியாக் என்னும் ஆதிக் கணினிக்குக் கட்டளை வகுத்தவர் ஆறு பெண்மணிகளே. காண்டா வாளி சுமந்து குடும்பத்தையும் சுமந்த பாட்டிமாரின் பேத்திகளுக்கு இது பாரமாகாது.

"இலவசமாகக் கிடைக்கிறது, அது போதாதா?" என்பது நான்காவது, மிகவும் அபாயமானதும் இதுவே. விலையின்மையும் விடுதலையும் ஒன்றல்ல. மலேசிய அரசாங்கம் 2004-இல் பொதுத்துறைக்கெனத் திறந்த மூல மென்பொருள் திட்டம் ஒன்றை வகுத்தபோது, பயன்படுத்தத் தொடங்குதலை முதற்படியாகவும், தற்சார்பைக் கடைசிப் படியாகவும் வைத்தது. நாமோ முதற்படியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம்.

செய்யத்தக்கது

நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சங்கக் கட்டடங்களும் வாசகசாலைகளும் உள்ளன. இவற்றுள் ஒன்றில் வாரம் ஒரு மாலை, கதை வகுப்பைப் போன்று நிரல் வகுப்பொன்று தொடங்குதல் இயலாத காரியமன்று. முதல் மாதம் பிழை எழுதக் கற்பிக்கலாம்: யான் செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்னும் மூன்றையும் பிழையின்றி எழுதத் தெரிந்தவன் பாதித் தொழிலாளியாவான். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிச் சலித்துக்கொள்பவன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றதற்கு ஒப்பாவான். இரண்டாம் மாதம் ஒரு மென்பொருளின் தமிழை எடுத்துக்கொண்டு, நாம் மேலே கூறிய மரியாதைப் பிழைகளையும் சந்திப் பிழைகளையும் திருத்தி அக்குழுவினருக்கு அனுப்பலாம். மூன்றாம் மாதம் மூலநிரலில் ஒரு வரியையேனும் மாற்றி, அது இயங்குவதைக் காணலாம். நான்காம் மாதம் புதிதாய் வந்தவருக்கு முதல் மாதப் பாடத்தை அவர்களே கற்பிக்கட்டும். கற்றவன் கற்பிப்போனாகும் அன்றுதான் வகுப்பு இயக்கமாகிறது.

ஏற்கெனவே தேர்ச்சி பெற்றுப் பெருங்கம்பெனிகளில் பணியாற்றும் தமிழ் இளைஞர்க்கும் ஒரு சொல். சங்கத்திற்கு நன்கொடை தருவதினும், மாதம் இரு மாலைப்பொழுது தருதல் மேலானது. புதியவர் அனுப்பும் திருத்தம் குறையுடையதாயினும், குறை இன்னதென்று காட்டித் திருப்பியனுப்புங்கள், நீங்களே திருத்திவிடாதீர்கள். அவன் கையால் திருந்திய ஒரு வரி, உங்கள் கையால் எழுதப்பட்ட நூறு வரிகளிலும் நாட்டுக்குப் பயனுடையது. அவன் பெயரையும் அவ்வரிக்கு நேரே பதியுங்கள்.

ரேமண்டின் நூலை நம் இளைஞர் வாசிக்க வேண்டும். வாசித்து அதனோடு வாதிடவும் வேண்டும். சந்தை திறந்திருக்கிறது என்று அவர் அறிவித்தார், அறிவிப்பு மெய்யே. அச்சந்தைக்குச் செல்லும் மண்பாதையை வெட்ட வேண்டியவர் நாம். இந்நாட்டில் இரயில் தண்டவாளத்தையும் சாலையையும் அமைத்தவருள் நம் முன்னோரும் இருந்தனர். ஆயின் அவை சென்று சேர்ந்த இடத்தைத் தீர்மானித்தவர் வேறாயினர். இப்பாதை எங்கே செல்ல வேண்டுமென்பதை இம்முறை நாமே தீர்மானிக்கலாம். மூலநிரல் திறந்தே கிடக்கிறது. திருத்த வேண்டிய "ராமு ஐ" அதனுள்ளேயே இருக்கிறது.